மலைத் தண்ணீருக்கு எந்தத் தட்டு?

கொடைக்கானல் ஏரியில் முதலில் மிதந்த படகு எங்கள் ஊரிலிருந்து போனது. 1863இல் மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைத் தண்ணீரைக் கரை போட்டு மறித்து அந்த ஏரியை உண்டாக்கினார். அதில் விடத் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறும் லாஸ் காட் சாலை போக்குவரத்துக்கு வந்ததே அதற்கு ஐம்பது ஆண்டு கழித்துத்தான். ஆகவே அந்தப் படகு ஏழாயிரம் அடி ஏறியது அந்தச் சாலை இல்லாமலேதான். எங்கள் பட்டறைப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

நான் ஓடாவி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் தோணிகளைக் கட்டிய பட்டறையில் வேலை பழகியவன். விலாச்சட்டமான வங்குக்குக் கருவேலமும் பூவரசும், பக்கப் பலகைக்கு அயினியும் வெண்தேக்கும் வாங்குவோம். முதலாளி கையில் காசு புரளும் வருஷத்தில் மட்டும் மேல்தட்டுக்குத் தேக்கு வரும். மரத்தோணி வேலை குறையக் குறைய, பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடவும், சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் பாய்ப்படகுகளுக்குத் தட்டு மாற்றவும் போகத் தொடங்கினேன். அந்த வழியில்தான் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலிருந்தும் கூப்பிட்டார்கள். மலையில் படகு வேலையா என்று ஊரில் சிரித்தார்கள். படகு இல்லங்கள், விடுதிக்காரர்கள் வெட்டி வைத்திருக்கும் குளங்கள், ஏரிக்கரை பங்களாக்களில் பரம்பரையாக வரும் துடுப்புப் படகுகள் என்று அங்கே வேலைக்குக் குறைவே இல்லை. கொடைக்கானல் படகுக் குழாமே 1890இல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் படகு விட்ட ஊரில் பழுதும் அதே அளவுக்கு இருக்கத்தானே செய்யும்.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. படகில் கால் வைத்து நிற்கும் தட்டுக்கு அசல் தேக்கு போடலாமா, தேக்கு மாதிரியே வரும் பிளாஸ்டிக் ஷீட் போடலாமா? கேட்கிறவர் செல்போனில் ஏதாவது ஒரு வெளிநாட்டுச் சொகுசுப் படகின் படம் இருக்கும். தேன் நிறத்தில் தட்டு, இடையிடையே கறுப்புக் கோடு. மரத்திலும் அதைக் கொண்டுவரலாம், ஷீட்டிலும் கொண்டுவரலாம். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சில சமயம் வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகு கிடக்கும் இடத்தைக் காட்டச் சொல்வேன். தண்ணீரையும் கரையையும் பார்க்காமல் தட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கடலில் மரத்துக்கு எதிரி புழு. கப்பல்புழு துளைத்த பலகை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கொட்டாப்புளியால் தட்டினால் சத்தம் மாறும், உளி வைத்தால் உள்ளே முழுக்க ஓட்டை. ஆனால் அடிப்பலகையைத் தின்னும் புழுவை வளர்க்கிற அதே உப்புத் தண்ணீர் மேல்தட்டுக்குக் காவலாகவும் இருக்கிறது. உப்பு ஊறிய பலகையில் பூஞ்சை லேசில் பிடிக்காது. பழைய பாய்க்கப்பல்களில் வங்குகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததுகூட இதற்குத்தான். தோணியில் தட்டைக் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவுகிறவன் அழுக்கு மட்டும் போகிறது என்று நினைக்கலாம். அவனுக்குத் தெரியாமலே மரத்துக்கு மருந்தும் கொடுக்கிறான்.

மலையில் கப்பல்புழு கிடையாது, நன்னீரில் அது வாழாது. அதன் வேலையைப் பூஞ்சை எடுத்துக்கொள்கிறது. மரத்தின் ஈரம் இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் மக்கத் தொடங்கும். கொடைக்கானலில் தென்மேற்குப் பருவத்தில் சாரல், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, நடுநடுவே மூடுபனி. மழை நின்ற பிறகும் தட்டு காய்வதில்லை, ஏனென்றால் காயவைக்கிற வெயிலைப் பனி மறைத்துக்கொள்கிறது. விழுவது உப்பில்லாத மழைத்தண்ணீர். பலகையின் முனை, ஆணி இறங்கிய இடம், இரண்டு பலகை சேரும் இடுக்கு ஆகிய இந்த மூன்றிலும் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகாது. கடலில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கு மலையில் முதலில் பிடிபடாதது இதுதான். படகு கிடப்பது தண்ணீரில் என்பதால் கெடுவதில்லை. மேலிருந்து வரும் தண்ணீரால் கெடுகிறது.

தேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நகராது. தேக்கின் நடுப்பகுதியான வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் அதன் பலம். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது பிடிக்காது. ஈரத்தில் ஊதுவதும் காய்ச்சலில் சுருங்குவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. நனைந்தாலும் கால் வழுக்காது. ஒரே தொல்லை, மரத்துக்குள் மணல்போன்ற சிலிக்கா இருப்பதால், இழைப்புளியின் அலகு சீக்கிரம் மழுங்கும். தேக்கு வேலைக்குக் கூலி ஏன் கூட என்று கேட்பவர்களிடம் சாணைக்கல்லைக் காட்டுவேன்.

இந்தக் குணங்களுக்காகத்தான் வெள்ளைக்காரன் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுரண்டினான். பழனி மலை எந்த மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த ஆனைமலையில், உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரித்து விட்ட இடம்தான் டாப்ஸ்லிப். பம்பாய்க் கப்பல் துறைக்கு இந்த மலைகளின் தேக்கு போனது. வாடியா குடும்பத்துக் கைகள் 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. வெட்டி வெட்டிக் காடு மொட்டையான பிறகு நடவு தொடங்கியது. நிலம்பூரில் 1840களில் கனோலியும் சாத்து மேனனும் போட்ட தோப்பு அதில் மூத்தது. டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி தேக்கை மறுபடி வளர்த்தார், அங்கேயே அடக்கமும் ஆனார். கொடைக்கானல் உயரத்தில் தேக்கு வளராது. காட் சாலையில் இறங்கும்போது அடிவாரத்துக்குக் கிட்டே வந்த பிறகுதான் அந்த அகல இலை கண்ணில் படும். மேலே இருப்பது யூக்கலிப்டஸ், பைன், வாட்டில். விறகுக்கும் பந்தல் காலுக்கும் சரி. தட்டுக்கு ஆகாது.

இப்போது கடையில் தேக்கு என்று விற்பதெல்லாம் அந்தத் தேக்கு இல்லை. பர்மாத் தேக்கு என்றால் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. உலகம் முழுக்கச் சொகுசுப் படகு கட்டுகிறவர்கள் ஷீட் பக்கம் திரும்பியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. நம்மூர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோப்பு மரம், இல்லையென்றால் நம் விவசாயிகள் வரப்பில் வளர்த்தது. இருபது வருஷத்தில் வெட்டிய மரத்தில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வெள்ளைப் பகுதிக்கும் சாதா மரத்துக்கும் மக்கும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வருஷ வளையங்கள் அகல அகலமாக இருக்கும். வாசனை லேசாக இருக்கும். நல்ல தேக்கை இழைத்தால் பதப்படுத்திய தோலின் வாசனை எழும்பும், சீவலைக் கையில் கசக்கினால் விரலில் பிசுக்கு ஒட்டும். நான் கடையில் பலகையின் முனையைக் கொஞ்சம் இழைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. இழைக்க விடாத கடைக்காரரிடம் பேரமும் பேசுவதில்லை.

தட்டுப் பலகையை அறுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ரேகை நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகைதான் தட்டுக்கு வேண்டும். ரேகை படுத்திருக்கும் பலகை வெயிலில் ஓரம் தூக்கிக்கொள்ளும், நடக்க நடக்கச் செதில் கிளம்பும். நிமிர்த்தி அறுத்தால் கழிவு அதிகம். பதினான்கு அடித் துடுப்புப் படகில் கால் வைக்கிற இடம் மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மில்லிமீட்டர் கனத்தில் தட்டு போட ஒரு கன அடிக்குச் சற்று மேல் மரம் போதும். கழிவோடு சேர்த்தால் இரண்டு கன அடி வாங்க வேண்டும். பலருக்கு இதைக் கேட்டதும் நிம்மதி வரும், தேக்கு என்றால் வீடே விற்க வேண்டும் என்று நினைத்து வந்திருப்பார்கள். சின்னப் படகில் மரத்தின் விலையைவிட அதைப் போடுகிற கூலியும், போட்ட பிறகு வருஷா வருஷம் பார்க்கிற வேலையும்தான் பெரிய செலவு.

போடுகிற விதம் மாறிவிட்டது. முன்பு பலகையைத் திருகாணி வைத்து இறுக்கி, ஆணித்தலைமேல் தேக்குக் குச்சியை அடித்து மூடுவோம். பலகை தேயத் தேய அந்த மூடிகள் பெயர்ந்து விழும், ஆணித்துளை வழியே தண்ணீர் இறங்கும். இப்போது ஆணியே இல்லாமல் பசையில் உட்கார வைக்கிறோம். ஒட்டும் முன் பலகையின் அடிப்பக்கத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். எந்த எண்ணெய் மரத்தைக் காக்கிறதோ அதே எண்ணெய் பசையை ஒட்டவிடாது. துடைத்த உடனே ஒட்டிவிட வேண்டும், விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இடுக்குகளில் நூலும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடித்த கை எனது. இப்போது கறுப்பு ரப்பர்க் கூழைத் துப்பாக்கியில் வைத்து நிரப்புகிறேன். இடுக்கின் அடியில் ஒரு நாடா ஒட்டி, கூழ் இரண்டு பக்கப் பலகையில் மட்டும் பிடிக்கும்படி விட வேண்டும். அடியிலும் பிடித்துவிட்டால் மரம் அசையும்போது கூழ் கிழியும்.

மலையில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிகிற ஊர் அது. அந்தக் குளிரில் எபாக்சி பசை இறுகாமல் பல்லிளிக்கும். காலை நேரத்தில் பைபர்மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி ஈரம் இருக்கும், அதன்மேல் ஒட்டினால் ஒட்டாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் ஏறியபின் ஆரம்பித்து மூன்று மணிக்குள் பசை வேலையை முடித்துவிடுவேன். மரத்தையும் முன்கூட்டியே மேலே ஏற்றி, பட்டறை நிழலில் சில வாரம் அடுக்கி வைப்பேன். தூத்துக்குடி வெக்கையில் காய்ந்த பலகை மலைக்காற்றைக் குடித்து ஊதி அடங்கட்டும், பிறகு அறுக்கலாம். அவசரப்பட்டு வந்த அன்றைக்கே பதித்தால் மழைக்காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று தள்ளித் தட்டையே தூக்கிவிடும்.

தாண்டிக்குடிப் பக்கம், காபித் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி நடத்தும் ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். தோட்டத்துக் குளத்தில் விட, கேரளத்திலிருந்து பழைய பைபர் படகு ஒன்றைக் கைமாற்றாக வாங்கி வந்திருந்தார். முழுக்கத் தேக்குத் தட்டு. கறுத்துப்போய், அங்கங்கே நடந்தால் அமுங்கியது.

"அண்ணாச்சி, இதைப் பேத்துட்டுப் புதுசாப் போடணும். பாத்தா தேக்கு மாதிரியே இருக்கணும். ஆனா அப்புறம் வேலையே இருக்கக் கூடாது" என்றார்.

"மழைக்குப் படகை எங்க வைப்பீங்க தம்பி?"

"எங்க வைக்கிறது? குளத்துலயேதான் கிடக்கும்."

"தார்ப்பாய் போட்டு மூடலாமே."

"மூடி வச்சா கெஸ்ட் எடுக்கிற போட்டோல நல்லா இருக்காது அண்ணாச்சி."

தட்டைப் பெயர்த்தோம். மேலே இருந்த தேக்கு கறுப்பாகத் தெரிந்ததே தவிர, இழைத்தால் உள்ளே தேன் நிறம் அப்படியே இருந்தது. கீழே இருந்த ஒட்டுப்பலகை பாலில் ஊறிய ரொட்டியாகக் கையோடு வந்தது. யாரோ ஆணி வைத்து இறுக்கிய தட்டு, ஒவ்வொரு ஆணித்துளையும் ஒரு குழாய். மழைத்தண்ணீர் இறங்கி ஒட்டுப்பலகையில் தங்கி, மேலே தேக்கும் கீழே பைபரும் மூடியிருந்ததால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே மக்க வைத்திருக்கிறது. ஆயுள் முடிந்தது தேக்குக்கு இல்லை, அதைத் தாங்கியதற்கு. இது மலையில் மட்டும் நடப்பதில்லை. உலகம் முழுக்கப் பழைய பாய்ப்படகு வாங்குகிறவர்கள் ஆணி அடித்த தேக்குத் தட்டைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்பது இதனால்தான். மலையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது, அவ்வளவே.

அவருக்கு ஷீட்தான் சரி என்று சொன்னேன். ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல் ரகம் வாங்கி, முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி குடிக்கவிட்டு, மேலே பைபர் மூடி, அதன்மேல் ஷீட்டை ஒட்டினோம். ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய தேக்கை எறிய மனம் வரவில்லை. இழைத்து உட்காரும் பலகையும் ஓரச் சட்டமும் செய்தேன். கை படுகிற இடத்தில் அசல் மரம், கால் படுகிற இடத்தில் நகல். விருந்தாளிகள் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழுப் படகும் தேக்கு என்று நம்புகிறார்களாம். அந்தத் தம்பிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

ஷீட் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அதிலும் ஜாதி உண்டு. ஃப்ளெக்ஸிடீக் போன்ற பெயர்களில் வருவது பிவிசி. ஐந்து மில்லிமீட்டர் கனம், கறுப்புக் கோடு உள்ளேயே வார்த்திருக்கும். சீடெக் என்ற பெயரில் பிரபலமானது ஈவிஏ நுரை. காலுக்கு மெத்தென்று இருக்கும், எடை மிகக் குறைவு. ஆனால் ஹீல்ஸ் செருப்பும் கூர்முனையும் பட்டால் பள்ளம் விழும், ஆயுளும் பிவிசி அளவுக்கு வராது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை என்று ஒன்றைக் கடைக்காரர்கள் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது விடுதி வராந்தாவுக்கும் கரையோர நடைமேடைக்கும் செய்தது, படகுக்குக் கனம் தாங்காது. கனம் என்று வந்ததால் சொல்கிறேன்: பத்து மில்லிமீட்டர் தேக்கு சதுர மீட்டருக்கு ஆறரை கிலோ. பிவிசி ஷீட் ரகத்தைப் பொறுத்து நாலரையிலிருந்து ஆறு கிலோ. ஷீட் போட்டால் படகு பூப்போல ஆகிவிடும் என்று விற்கிறவர் சொன்னால் பாதிதான் நம்புங்கள். ஈவிஏ ஒன்றில்தான் நிஜமாகவே எடை குறையும்.

ஷீட்டை ஒட்டுவது சுலபமாகத் தெரியும். முதலில் தட்டின்மேல் கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒவ்வொரு வளைவையும், கொக்கி உட்காரும் இடத்தையும் பென்சிலால் கோடிட்டு அச்சு எடுக்க வேண்டும். இந்த அச்சு கெட்டால் எல்லாம் கெட்டது. படகின் முன்பக்கமான அணியத்தில் வளைவு அதிகம், அங்கேதான் கை நிதானம் வேண்டும். குளிர்ந்த காலையில் பிவிசி விறைத்துக் கிடக்கும், விரித்தால் சுருண்டுகொள்ளும். வெயிலில் போட்டு இளக்கி, பல்வைத்த கரண்டியால் பசையைத் தேய்த்து, ஷீட்டை இறக்கி, மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி அமுக்கி வைப்போம். அடியில் காற்று நின்றால் அங்கே ஈரமும் வந்து நிற்கும், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கொப்புளம் கிளம்பும்.

சமவெளியில் ஷீட்டின்மேல் எல்லாரும் சொல்லும் பெரிய குறை சூடு. தூத்துக்குடியில் மே மாத மத்தியானம் பிவிசி தட்டில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தேக்கும் சுடும், ஆனால் நிற்கலாம். கொடைக்கானலில் கோடைக்காலத்தில்கூடப் பகல் வெப்பம் இருபது சொச்சம் டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அங்கே இந்தக் குறைக்கு வேலை இல்லை. வேறொரு குறை வருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏரி இருப்பது இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில். குளிர்ந்த வெயில்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. மலிவு ஷீட்டின் நிறம் அங்கே சீக்கிரம் வெளிறும், விளிம்பு விறைத்துப் பிளக்கும். தேக்கும் வெளிறும்தான். வெள்ளி நிறமாக மாறி அதோடு நின்றுவிடும், மேல்தோலுக்குக் கீழே ஒன்றும் ஆகாது. அந்த வெள்ளி நிறம்தான் அழகு என்பது என் கட்சி. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை. கடையில் பார்த்த தேன் நிறம்தான் வேண்டும் என்று எண்ணெய் பூசிப் பூசி, அந்த எண்ணெயில் மலைப்பாசி வளர்ந்து, தட்டு கறுத்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். ஈரமான மலையில் தேக்குக்கு எண்ணெய் பூசாதீர்கள். மென்மையான தூரிகையால், ரேகைக்குக் குறுக்கே, லேசான சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். ரேகை வழியே அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து பலகையில் வாய்க்கால் விழும். கார் கழுவுகிற அழுத்தக் குழாயைத் தட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பத்து மில்லிமீட்டர்ப் பலகையை அது வருஷா வருஷம் தின்றுவிடும்.

ஷீட்டுக்கு அந்தப் பயம் இல்லை. கறை பட்டால் எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் புதுத்தோல் வந்துவிடும். வாடகைப் படகுக்காரருக்கு இது பெரிய வரம். ஏரியைச் சுற்றி வருகிற ஜனத்தின் செருப்பில் சேறு, சோளக்கதிர் மசாலா, ஐஸ்கிரீம், குதிரைச் சாணம் எல்லாமே இருக்கும். சீசனில் ஒரு படகு நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் ஏற்றிக்கொண்டே இருக்கும், காய ஒரு மணி நேரம் கிடைக்காது. அங்கே தேக்கு போடுவது தேக்கைக் கொல்வது. மிதிபடகுக்கு ஷீட்கூட வேண்டியதில்லை. அதற்குத் தோதான வழுக்காத பெயின்ட் போதும் என்று சொல்லி என் கூலியை நானே குறைத்துக்கொள்வேன்.

உப்புத்தாளால் தேய்த்த தூள் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தால் இருபது ரூபாய் பசுமை வரி போடுகிற மலை அது. பாட்டிலைப் பிடித்து நிறுத்துகிற ஊரில் பிவிசி தூளை ஏரியில் கழுவி விடுகிறார்கள். ஷீட் போட்ட படகுகளைத் தண்ணீரில் வைத்துத் தேய்க்க நான் சம்மதிப்பதில்லை. கரையேற்றி, கீழே தார்ப்பாய் விரித்து, தூளைக் கூட்டி எடுத்த பிறகுதான் தண்ணீர் விடச் சொல்வேன். கூலிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஷீட்டின் ஆயுள் முடிந்ததும் அது எங்கே போகும் என்பதற்கு எந்தக் கம்பெனிக்காரரும் எனக்கு நேரான பதில் சொன்னதில்லை. தேக்குத் துண்டு மிஞ்சினால் கைப்பிடி செய்யலாம், துடுப்புக்கு ஒட்டு வைக்கலாம், ஒன்றுமில்லையென்றால் அடுப்பில் வைக்கலாம்.

அசல் தேக்குக்கு மலையில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஏரிக்கரை பங்களா ஒன்றில், பலகைமேல் பலகை ஏறி உட்காரும் பழைய முறையில் கட்டிய ஒரு துடுப்புப் படகு வைத்திருக்கிறார்கள். பேரன் காலத்துக்கும் ஓட வேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டார். அதற்குத் தட்டை நிரந்தரமாகப் பதிக்கவில்லை. தேக்குச் சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோர்த்து, மூன்று துண்டாகத் தூக்கி எடுக்கிற மாதிரி காலடித் தட்டு செய்து கொடுத்தேன். தண்ணீர் கட்டத்தின் வழியே கீழே இறங்கிவிடும். ஏரியிலிருந்து திரும்பியதும் மூன்றையும் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டால் இரு பக்கமும் காற்றாடும். பசை இல்லை, இடுக்கில் ரப்பர் இல்லை, அடியில் மக்குவதற்கு ஒட்டுப்பலகை இல்லை. ஒரு சட்டம் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மலை ஏரிக்கு இதைவிட நல்ல தட்டு எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுப் படத்தில் இருக்கும் கறுப்புக் கோடு இதில் கிடையாது. அந்தப் பெரியவர் அதைக் கேட்கவும் இல்லை.

எனவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. படகைக் கூரைக்கு அடியில் வைக்க இடமும், மழைக்காலத்தில் தட்டைத் தூக்கி வைக்க ஒரு ஆளும் இருந்தால் தேக்கு போடுங்கள், தூக்கி எடுக்கிற மாதிரி போடுங்கள். படகு வெட்டவெளியில் கிடக்கும், பராமரிக்க ஆள் இல்லை என்றால் நல்ல பிவிசி ஷீட் போடுங்கள், துளையில்லாமல் போடுங்கள். நிறம் கேட்டால் வெளிறிய சாம்பல் நிறத்தை எடுங்கள். தேன் நிறம் முதல் இரண்டு வருஷத்துக்குத்தான். இரண்டில் எதுவானாலும், போடும் முன் பழைய தட்டின் கீழே இருப்பதைத் திறந்து பாருங்கள். திறக்காமலே மேலே ஒட்டித் தருகிறேன் என்று குறைந்த விலை சொல்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தேக்கு வாங்கினால் பில்லையும் கட்டையில் வனத்துறை முத்திரையையும் கேளுங்கள். ஷீட் வாங்கினால் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஏரிக்கரையில் விட்டுவிடாமல், வந்த வண்டியிலேயே மலையிறக்கிக் கொண்டுபோங்கள்.